நம் வீட்டின் ஒரே மான் வேட்டை

அன்பு மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். உன் வருங்கால மாமனார் நவம்பர் மாதம் குடும்பத்தோடு பென்சில்வேனியாவின் மலைக்காட்டுக்கு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறார். வீட்டுக்கு வரப்போகும் மாப்பிள்ளையையும் கூட்டிப் போவது அவர்கள் வழக்கம். நீயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், எங்கள் வீட்டிலும் மான் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாய். அவர் மகிழ்ந்துபோய் முழுக் கதையையும் கேட்கிறார், ஆகவே எழுதி அனுப்பு என்றாய். இது முதலாவது. வருகிற தை மாதம் மதுரையில் நடக்கப்போகும் உன் கல்யாணத்தில் தாய்மாமனாக நின்று உனக்கு மாலை போட உன் மாமா ஏன் மறுக்கிறார், "நான் கடைசி வரிசையில உக்காந்துட்டு, சாப்பிட்டுட்டு வந்துர்றேன்" என்று ஏன் சொல்லி அனுப்பினார் என்பது இரண்டாவது. இரண்டையும் நீ தனித்தனியாகக் கேட்டாய். இரண்டுக்கும் கதை ஒன்றுதான். அந்தக் கதையில் எனக்கு நல்ல பெயர் கிடைக்காது என்பதால்தான் இருபத்தொன்பது வருடமாக நான் அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்லாவிட்டால் உன் மாமா கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துவிடுவார். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் உன் அப்பாவின் நிலவரம். நீ அந்த மாமனார் விஷயத்தைச் சொன்ன மறுநாள் காலையில் திருநகர் பூங்காவில் நடக்கிற அத்தனை பேருக்கும் வெள்ளைவால் மானைப் பற்றிய செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "வேட்டைங்கிறது நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்று அவர் சொன்னதாகப் பக்கத்து வீட்டு அம்மா எனக்குச் சொன்னார். போன மாதம் சர்க்கரைக்குப் பரிசோதித்தபோது அந்த ரத்தத்தில் வேறு என்னென்னவோ இருந்தன, வேட்டை இருந்ததாக அறிக்கையில் போடவில்லை. அங்கே வேட்டைக்கு உரிமம் வாங்க வேண்டும், இத்தனை நாள்தான் என்று பருவம் உண்டு, ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று நீ சொன்னதை அவரால் இன்னும் செரித்துக்கொள்ள முடியவில்லை. "மான் கண்ணுல படுற மாதிரி சட்டை போட்டுக்கிட்டுப் போறவன் என்ன வேட்டைக்காரன்?" என்று கேட்கிறார். மனிதன் கண்ணில் படுவதற்காக என்று விளக்கினேன். வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மானைவிடப் பெரிய ஆபத்து கூடவே வருகிற சொந்தக்காரர்கள்தான் என்பதை அந்த அரசாங்கம் புரிந்துவைத்திருக்கிறது. எனக்கு அது அனுபவத்தில் தெரியும்.

நீ என் வயிற்றில் ஏழு மாதம். நாங்கள் அப்போது பேரையூரில் பெரியப்பாவோடு கூட்டுக் குடும்பமாக இருந்தோம். நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். நூலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் செய்தித்தாளும் மின்விசிறியும் தேடி வருகிறவர்கள் என்பதால் புத்தகங்களை நான் ஒருத்திதான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பழைய கதைப் புத்தகம் ஒன்றைப் படித்தேன். அதில் ஒரு ராஜா சாப்பிட உட்காருகிறார், இலையில் மான்கறி வைக்கிறார்கள். நான் தலையை நிமிர்த்தி, "மான்கறி எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். யாரிடமும் குறிப்பாகக் கேட்கவில்லை. தும்பைப் பூவுக்கு வாசனை உண்டா என்று கேட்பதுபோலத்தான் கேட்டேன். கர்ப்பிணி ஒருத்தி ஒரு தின்பண்டத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அது கேள்வியாகாது, ஆசையாகிவிடும் என்பதை நான் மறந்துபோனேன். அந்த ஆசையை நிறைவேற்றாவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது நம் பக்கத்தில் படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் தெரிந்த மருத்துவம். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏங்க, இங்க வாங்க! புள்ளத்தாச்சி மான்கறி கேக்குறா!"

"இல்லக்கா, நான் சும்மா..."

"நீ கேக்கலத்தா, வயித்துல இருக்கிறது கேக்குது. ஆம்பளப் பிள்ளதான். பொம்பளப் பிள்ளையா இருந்தா மாங்கா கேட்டிருக்கும்."

அந்த நிமிடமே நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எந்த ஆசையும் இல்லை, புத்தகத்தில் வந்தது, கேட்டேன், அவ்வளவுதான் என்று. நான் சொல்லவில்லை. காரணத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் என் பொருட்டு நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது. உனக்கு இங்கேயே ஒன்று சொல்லிவைக்கிறேன். உன் மனைவி ஏதாவது கேட்டால், அது கேள்வியா ஆசையா என்று அவளிடமே இன்னொரு தடவை கேள். அவளும் முதல் தடவையே பதில் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டில் இரண்டும் நடக்காததால் ஒரு துப்பாக்கி கிளம்பியது.

பெரியப்பா அதைக் குடும்ப கௌரவமாக எடுத்துக்கொண்டார். மலையடிவாரத்தில் அவருக்குத் தெரிந்தவருடைய மாந்தோப்பு இருந்தது. தோப்புக் காவல்காரரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மானைச் சுடுவது இன்றைக்குப் போலவே அன்றைக்கும் குற்றம்தான். நம் வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டம் எழுதினவர்கள் மசக்கையை யோசித்திருக்கமாட்டார்கள் என்று பெரியப்பா கருதினார். பிறந்த வீட்டு ஆள் ஒருவரும் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆசையைத் தீர்த்த பேச்சு ஒருபக்கமாகப் போய்விடும் என்று திருவாதவூரில் இருந்த உன் மாமாவுக்கு ஆள் அனுப்பினார்கள். மாமா பள்ளிக்கூட வாத்தியார். அந்த வாரம்தான் ஆறாம் வகுப்புக்கு வனவிலங்குகளைக் காப்போம் என்ற பாடத்தை நடத்தி முடித்திருந்தார். தங்கைக்காக என்றதும் கிளம்பி வந்துவிட்டார். வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏத்தா, நெசமாவே மான்தான் வேணுமா? வெள்ளாடு ஆகாதா?" என்று கேட்டார். அது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. அந்த நேரத்தில் பெரியம்மா உள்ளே மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். மான் இன்னும் காட்டில் தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்க, அதற்கான மிளகும் மல்லியும் கசகசாவும் எங்கள் வீட்டு கிரைண்டரில் சுற்றிக்கொண்டிருந்தன. அரைத்த மசாலாவைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. "மான்தான் அண்ணே" என்று சொன்னேன்.

சித்திரை மாத வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று விடிந்ததும் ஒரு வேனில் கிளம்பினோம். நீ போகப்போகிற இடத்தில் இதை வேட்டை முகாம் என்பார்கள் போலிருக்கிறது. எங்கள் முகாமில் இருந்தவை ஒரு பெரிய ஈயச் சட்டி, அதன் பித்தளை மூடி, எண்ணெய்த் தூக்கு, அரைத்த மசாலா, இட்லி, பாய், தலையணை, கர்ப்பிணி ஒருத்தி. தோப்பில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்து மாமரத்தடியில் பாயை விரித்து என்னையும் பெரியம்மாவையும் உட்கார வைத்துவிட்டு, பெரியப்பாவும் அப்பாவும் மாமாவும் மலையேறினார்கள். போகும்போது பெரியப்பா முன்னால், துப்பாக்கி தோளில். பதினோரு மணிக்குத் திரும்பி வரும்போது மாமா முன்னால், துப்பாக்கி அப்பாவின் கையில், பெரியப்பா வேட்டி முழுக்க ஒட்டுப்புல்லோடு கடைசியில். மூன்று பேரும் சேர்ந்து பார்த்த மிருகம் ஒரு கீரி.

"மானு நேத்து இங்கதான் இருந்துருக்கு. புழுக்க கெடக்கு" என்றார் பெரியப்பா.

"அது ஆட்டுப் புழுக்கை மச்சான்" என்றார் மாமா.

"மாப்ள, நீ பாடத்த பள்ளிக்கூடத்துல நடத்து. இங்க நான் பாத்துக்கிறேன்."

மாமா மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். அப்போதெல்லாம் அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோகும்போதுதான் அப்பா அவர் தோளை அழுத்தினார். மோட்டார் ரூமுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மான் வந்திருந்தது.

நான்கு மணி நேரம் மலையில் தேடிய பொருள் எங்கள் சட்டியிலிருந்து முப்பது அடி தூரத்தில் தானாக வந்து நின்றது. புள்ளிமான், பெட்டை. வெயிலுக்குத் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறது. பெரியம்மா தூங்கிக்கொண்டிருந்தார். ஆண்கள் மூவரும் சுவர் ஓரமாகக் குனிந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா துப்பாக்கியை நீட்டினார். அவர்களுக்கு நான் பின்னால் இருந்தேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை. மான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்தது. எங்கள் தெருவில் இருந்த வெள்ளாடு தினமும் செய்கிற வேலைதான். எனக்குக் கருணை பொங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் இதைத் தட்டில் வைத்து என் எதிரில் நீட்டுவார்கள், நான் சாப்பிடுவதை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பார்ப்பார்கள், எனக்குத் துளியும் இல்லாத ஓர் ஆசைக்காக இது செத்திருக்கும் என்பது மட்டும்தான் தோன்றியது. அந்தப் பித்தளை மூடி என் மடியில் இருந்தது. அதை எடுத்து, கையை நன்றாக உயர்த்தி, அடுப்புக்காக வைத்திருந்த கல்லின்மேல் போட்டேன். கை தவறி விழவில்லை. போட்டேன்.

இனி நடந்ததை வரிசை மாறாமல் கவனி, இந்த வரிசைதான் கதை. மூடி விழுந்தது. மான் பாய்ந்தது. பெரியப்பா திடுக்கிட்டு விசையை இழுத்தார். வெடி வெடித்தது. குண்டு தண்ணீர்க் குழாயில் பட்டு, குழாய் பிளந்து, தண்ணீர் பனைமர உயரத்துக்குக் கிளம்பி மூன்று பேர் மேலும் கொட்டியது. கருமருந்துப் புகை சுவர் ஓரமாகச் சூழ்ந்தது. அந்தப் புகையில், எல்லாம் முடிந்த பிறகு, மாமா தும்மினார். ஒரே ஒரு தும்மல். பெரியப்பா நனைந்த மீசையோடு மெதுவாகத் திரும்பினார். குறி தவறிய மனிதனுக்கு உடனடியாகத் தேவைப்படுவது ஒரு காரணம். அது பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றது.

"தும்மிட்டியேடா பாவி! கை ஆடிருச்சே!"

"நான்... வெடிச்சதுக்கு அப்புறம்..."

"என்ன அப்புறம்? ஒத்தத் தும்மல்! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஒத்தத் தும்மல்!"

உன் அப்பா ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே, "மச்சான், ஒரு நிமிசம் அடக்கியிருக்கலாம்ல?" என்றார். வெடிச்சத்தத்தில் விழித்த பெரியம்மா, தலையும் புரியாமல் வாலும் புரியாமல், "யாரு தும்முனது?" என்றுதான் முதலில் கேட்டார். கல்லின் பக்கத்தில் கிடந்த மூடியை யாரும் பார்க்கவில்லை. நான் குனிந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, சட்டியை மூடினேன். காவல்காரரிடம் ஒரு நாட்டுக்கோழி வாங்கி அந்த மசாலாவைப் போட்டுச் சமைத்தோம். நன்றாகவே இருந்தது. நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாமா சாப்பிடவில்லை.

இது இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனி மாதம் நீ பிறந்தாய். பங்குனியில் உன் இடது காதில் சீழ் வடிந்தது. கைக்குழந்தைகளில் பாதிப்பேருக்கு வருவதுதான். மதுரையில் காது டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "படுக்க வச்சுப் பால் குடுக்குறீங்களா?" ஆமாம் என்றேன். அதுதான் காரணமாக இருக்கும், இனிமேல் மடியில் தூக்கி வைத்துக் கொடுங்கள் என்றார். நூலகம் விட்டுக் களைத்து வந்து, படுத்துக்கொண்டே பால் கொடுத்தது நான். அந்த அறையில் நானும் டாக்டரும் நீயும்தான் இருந்தோம். உனக்கு அப்போது பேச்சு வரவில்லை, டாக்டருக்கு என் புகுந்த வீட்டு விலாசம் தெரியாது. நான் வெளியே வந்து, "சளியாம்" என்று மட்டும் சொன்னேன். பேரையூரில் அதற்குள் வேறு முடிவுக்கு வந்துவிட்டார்கள். மான்கறி கிடைக்கவில்லை, ஆகவே காது. மான் ஓடியது தும்மலால், ஆகவே மாமா.

கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் உனக்கு மொட்டையெடுத்துக் காது குத்தினோம். இரண்டு பக்கத்துச் சொந்தமும் வந்திருந்தது. வழக்கப்படி தாய்மாமன் மடியில் நீ உட்கார்ந்திருந்தாய். ஆசாரி வலது காதைக் குத்திவிட்டு இடது காதைப் பார்த்தார். சீழ் இருக்கிறது, இப்போது குத்த வேண்டாம் என்றார். அப்போது பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "சீழு எப்படி வந்துச்சுன்னு அந்த மடியில வச்சிருக்கிற ஆளையே கேளுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, பந்திக்கு முன்னால் கூட்டம் எதற்கும் சிரிக்கும். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து, உன்னை என் ஒன்றுவிட்ட தம்பியின் மடியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போகிறவர்போலப் போய், கடைசியில் நின்றுகொண்டார். அன்றைக்கு அங்கே போனவர் இன்னும் முன்னால் வரவில்லை. மூக்குப்பொடியை அந்த வாரமே விட்டார். எந்தக் கல்யாணத்திலும் அவரை மணவறைப் பக்கம் பார்த்திருக்கமாட்டாய். தன் நிழல் பட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை திருவாதவூரிலிருந்து பஸ் ஏறி வந்து உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு காது டாக்டரிடம் போய்வந்தார். காது ஆறி, ஆறியது உறுதியாகும்வரை இரண்டரை வருடம். நீ அவர் தோளில் தூங்கிக்கொண்டு திரும்பி வருவாய். நான் கதவைத் திறந்து உன்னை வாங்கிக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். "காபி சாப்பிடுறீங்களா அண்ணே?" என்று கேட்பேன்.

தவறு செய்கிறவர்கள் பெரிய திட்டம் போட்டுச் செய்வதாகப் புத்தகங்களில் படிக்கிறோம். நான் பார்த்தவரையில் அப்படி இல்லை. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஒரு வருடம் கழித்துச் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். அதற்குப் பிறகு, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்ற கேள்விக்குத்தான் பயந்தேன், செய்ததற்காகப் பயப்படவில்லை. நீ குடித்தனம் ஆரம்பிக்கப் போகிறாய். உன் வீட்டிலும் மூடிகள் விழும். விழுந்த அன்றைக்கே யார் போட்டது என்று சொல்லிவிடுங்கள். மற்ற புத்திமதிகளை உன் அப்பா கொடுப்பார், அவரிடம் நிறைய இருக்கிறது.

நீ தொலைபேசியை வைத்த மூன்றாம் நாள், காலை இட்லியின்போது உன் அப்பாவிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மூடியா?"

"மூடிதான்."

"நீயா போட்ட?"

"நான்தான் போட்டேன்."

வெகுநேரம் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அண்ணே குறி தப்பல" என்றார் கடைசியில். இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அவருக்கு அதுதான் முதலில் தோன்றியது. பிறகு, பாவம், அவருக்கும் உறைத்தது. "மச்சானை நான் எம்புட்டுப் பேசியிருக்கேன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து, "சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப எதுக்குக் கிளறணும்? அண்ணேகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? நீ மச்சான்கிட்ட மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வந்துரு" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கோழைத்தனமான யோசனைகள் கேட்டவுடன் நல்லவையாகவே படும்.

திருவாதவூருக்குப் போனேன். மாமா வாசலில் உட்கார்ந்து பழைய சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் இப்போது அவர் சைக்கிள் விடுவதில்லை, ஆனால் சங்கிலி துருப்பிடிக்கக் கூடாதாம். உள்ளே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இல்லத்தா. நான் தும்முனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"தும்முனீங்கண்ணே. வெடிச்சதுக்கு அப்புறம் தும்முனீங்க."

"எனக்காகச் சொல்ற. கல்யாணத்துக்கு வரணுங்கிறதுக்காகச் சொல்ற."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தால் அதைத் தரமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறார். இத்தனை வருடம் வைத்திருந்ததாலோ என்னவோ, அது அவருடைய பொருளாகவே ஆகியிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு பித்தளை மூடியை எடுத்து வந்து, கையை உயர்த்தி, அவர் வீட்டுக் கல் தரையில் போட்டேன். உன் அத்தை பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். மாமா அசையவில்லை. மூடி சுற்றிச் சுற்றி ஓய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சத்தம் கேட்டுச்சு" என்றார்.

"கேட்டுச்சுல்லண்ணே?"

"கோயில் மணின்னு நெனச்சேன்."

"மலங்காட்டுத் தோப்புல எந்தக் கோயிலு?"

"அதான் நானும் இம்புட்டு வருசமா யோசிக்கிறேன். சாமியே மணியடிச்சுச் சொல்லியும் நான் தும்மிட்டேனேன்னு நெனச்சேன்." பிறகு என்னைப் பார்த்தார். சின்ன வயதில் நான் அவருடைய மைப்புட்டியைக் கொட்டிவிட்டபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. "ஏன்த்தா சொல்லல?"

"பயந்தேண்ணே" என்றேன். "அவனத் தூக்கிக்கிட்டு மாசாமாசம் அலைஞ்சீங்களே, அப்பவாவது..."

"அதப் பேசாத. அது எனக்குப் பிடிச்சு அலைஞ்சது. அவன் என் தோள்ல தூங்குவான். அத இதோட சேக்காத." எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "காதுகுத்துல உங்க பெரிய அத்தான் எம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னாரு?"

"ரெண்டு பக்கத்துச் சனமும் இருந்துச்சு."

"அம்புட்டுப் பேரு முன்னாடி நீ சொல்லணும். மண்டபத்துல. மைக்குல."

"அண்ணே, வீட்டோட வச்சு எல்லாருகிட்டயும் சொல்லிர்றேனே..."

"அப்பச் சரி. நான் கடைசி வரிசையில உக்காந்துக்கிறேன். அங்க ஃபேன் காத்து நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் சங்கிலியைக் கையில் எடுத்தார். அவர் பேரம் பேசவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. உண்மையாகவே அங்கே போய் உட்கார்ந்துகொள்வார், வருத்தப்பட்டதுபோலக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். நான் இரண்டு நிமிடம் யோசித்தேன். பெரியப்பாவின் முகத்தையும், பெரியம்மா கேட்கப்போகும் கேள்விகளையும், நூலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தேன். சரி என்றேன். உன் அத்தை மூடியை எடுத்துப் பார்த்து, "நசுங்கிருச்சு" என்றாள். அன்றைக்கு முதன்முறையாக மாமா சிரித்தார். பஸ் ஏற்றிவிட வந்தபோது, "பொடி போட்டுக்கிட்டு வரவா?" என்று கேட்டார்.

ஆகவே நீ செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். உன் மாமனாருக்கு இந்தக் கதையை நான் எழுதியபடியே சொல். வேட்டைக் குடும்பம் என்று பெருமை பேசினால், தை மாதம் மண்டபத்தில் என் பேச்சை யாராவது அவருக்கு மொழிபெயர்க்கும்போது நீ பொய்யன் ஆகிவிடுவாய். அங்கே மான் வந்து நின்றால் சுடுவதா விடுவதா என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் நாட்டுச் சட்டம், அவர்கள் வீட்டு உணவு, உன் மனசு. தட்டில் வைத்தால் சாப்பிடு, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். எப்படி இருந்தது என்று எனக்கும் எழுது. நான் இதுவரை சாப்பிட்டதில்லை. அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவும் இல்லை.

கல்யாணத்தன்று மாலை போடுவதற்கு முன்னால் மைக் என் கைக்கு வரும். நாகஸ்வரக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டேன், நான் எழுந்ததும் நிறுத்திவிடுவார். பெரியப்பா நடுவில் பேச வருவார், உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரால் முடிந்த பரிகாரம் அதுதானாம். நான் அதிகம் பேசமாட்டேன், மூன்று நிமிடம் போதும். நீ மணவறையில் தலையைக் குனிந்துகொள்ளாதே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிரு. முகூர்த்தம் நடத்திவைக்க வருகிறவர் நேரம் பற்றிக் கவலைப்பட்டார். அவரிடமும் பேசிவிட்டேன். என் பேச்சுக்கு மூன்று நிமிடம். அது முடிந்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் சும்மா விட வேண்டும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மண்டபம் நீளமானது. உன் மாமாவுக்கு முழங்கால் வலி. கடைசி வரிசையிலிருந்து அவர் நடந்து வர வேண்டும்.

உன் அம்மா